மணி பார்த்துப் போடும் சினை ஊசி: பாலக்கோட்டுப் பக்கத்துச் சேவை ஒன்றின் மதிப்பீடு

தர்மபுரி மாவட்டத்தில் பாலக்கோட்டுக்கும் மாரண்டஅள்ளிக்கும் இடைப்பட்ட ஊரொன்றில் நான் பன்னிரண்டு மாடுகள் வைத்திருக்கிறேன். பதினொன்று கலப்பினம், ஒன்று ஆலம்பாடி என்னும் நாட்டு இனம். ஹார்மோன் ஊசிகளின் துணையால் மாட்டைப் பருவத்துக்குக் கொண்டுவந்து, குறித்த நாளில் குறித்த மணிக்குச் சினை ஊசி, அதாவது உறைவிந்து, போடும் தனியார் சேவை ஒன்றை இந்த ஆண்டில் இரண்டு முறை அழைத்தேன். மாசியில் போட்டது பெரும்பாலும் நன்றாக அமைந்தது. சித்திரையில் போட்டது முழுவதும் வீணானது. மருந்தும் முறையும் இரண்டு முறையும் ஒன்றுதான் என்பதால், வேறுபாடு எங்கே வந்தது என்பதை எழுதி வைப்பது மற்ற மாட்டுக்காரர்களுக்கு உதவும் என்று தோன்றியது. சேவையின் பெயரை எழுதவில்லை. இதே துண்டறிக்கையோடு வேறு ஆட்களும் சுற்றுகிறார்கள். பெயரைவிட, எவரை அழைத்தாலும் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதே முக்கியம்.

எங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தின் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. காலையில் பருவத்துக்கு வந்த மாட்டை மாலையிலும், மாலையில் வந்ததை மறுநாள் காலையிலும் கொண்டுபோனால் அங்கே குறைந்த செலவில் ஊசி போட்டுவிடுகிறார்கள். குறை எங்கள் பக்கம்தான் இருந்தது. தக்காளி பறிப்பு நடக்கும் நாட்களில் விடியும் முன்பே வீட்டிலுள்ள எல்லோரும் காட்டில் இருப்போம்; பாலைக் கறந்து சொசைட்டிக்கு அனுப்பியதோடு மாட்டை மறந்துவிடுவோம். மாடுகளோ பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும்தான் பருவ அறிகுறியைக் காட்டுகின்றன. கட்டுத்தறியில் கட்டிக் கிடக்கும் மாடு இன்னொன்றின் மேல் தாவ முடியாது. பருவத்தில் ஒழுகும் வழும்பு விழுந்தாலும் சாணத்தோடு கலந்துவிடும். பருவம் 12 முதல் 18 மணி நேரம் நிற்கும் என்பார்கள், நல்ல கறவையில் இருக்கும் மாட்டுக்கு அதுவும் குறையும். ஒரு பருவத்தைத் தவறவிட்டால் அடுத்ததற்கு 21 நாள் காத்திருக்க வேண்டும். அந்த 21 நாளும் மாடு ராகித் தாளும் கோ-4 புல்லும் தவிடும் தின்னத்தான் செய்யும். நல்ல கறவை மாட்டுக்கு ஈன்று 85 நாளுக்குள் சினை நின்றால்தான் ஆண்டுக்கொரு கன்று கிடைக்கும். என் கொட்டகையில் ஆறு மாதம் கடந்தும் சினை நிற்காதவை நான்கு இருந்தன.

இந்த நிலையில்தான் துண்டறிக்கை கைக்கு வந்தது. ‘பருவம் பார்க்கத் தேவையில்லை, 10 நாளில் ஊசி, 90 சதவீதம் உறுதி’ என்று அதில் அச்சிட்டிருந்தது. முதல் இரண்டும் உண்மை. மூன்றாவது உண்மையில்லை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் பின்னர் வரும் குறைகள் எல்லாம் அதைத் தெரிந்தால்தான் விளங்கும். முதல் நாள் ஜிஎன்ஆர்எச் என்னும் ஹார்மோன் ஊசியைப் போட்டு, புரோஜெஸ்டிரோன் ஏற்றிய சிடர் என்னும் டி வடிவக் கருவியை மாட்டின் பிறப்புறுப்புக்குள் வைக்கிறார்கள். அந்த ஊசி, சினையகத்தில் அப்போது முதிர்ந்திருக்கும் கருமுட்டைக் கொப்புளத்தை வெடிக்கச் செய்து, புதிய கொப்புளங்களின் வரிசையொன்றைத் தொடங்கிவைக்கிறது. கருவியிலிருந்து கசியும் புரோஜெஸ்டிரோன், மாடு இடையில் பருவத்துக்கு வந்துவிடாமல் பிடித்து வைக்கிறது. ஏழாம் நாள் கருவியை உருவி எடுத்து, பிஜி எனப்படும் புரோஸ்டாகிளாண்டின் ஊசியைப் போடுகிறார்கள். அது சினையகத்தில் புரோஜெஸ்டிரோனைச் சுரக்கும் மஞ்சள் கட்டியைக் கரைக்கிறது. பிடித்து வைத்த கையை எடுத்தது போலாகி, ஒன்றரை நாளிலிருந்து இரண்டரை நாளுக்குள் மாடு பருவத்துக்கு வருகிறது. கடைசியில் சினை ஊசியும் இரண்டாவது ஜிஎன்ஆர்எச் ஊசியும். இவற்றில் எதுவும் மலட்டு மாட்டைச் சினையாக்கும் மருந்து அன்று. எல்லா மாடுகளின் கடிகாரத்தையும் ஒரே மணிக்குத் திருப்பி வைக்கும் ஏற்பாடு, அவ்வளவுதான்.

இந்த ஏற்பாட்டின் அடிப்படை 1995-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கறவை மாடுகளுக்கென வெளியிட்ட ‘ஓவ்சிங்க்’ முறை. அதில் இரண்டாவது ஜிஎன்ஆர்எச் ஊசியைப் போட்டு 16 முதல் 20 மணி நேரம் கழித்தே சினை ஊசி போடுவார்கள். ஆனால் எங்களுக்கு வந்த சேவை பின்பற்றுவது அதை அல்ல. இறைச்சி மாட்டுப் பண்ணைகளுக்காக மாற்றி அமைத்த ‘கோ-சிங்க்’ முறையை. மேய்ச்சல் நிலத்தில் கன்றோடு திரியும் நூற்றுக்கணக்கான மாடுகளை ஒவ்வொரு ஊசிக்கும் ஓட்டி வந்து அடைப்பது பெரும் வேலை என்பதால், கடைசி ஜிஎன்ஆர்எச் ஊசியையும் சினை ஊசியையும் ஒரே நேரத்தில் முடித்து, ஒரு முறை அடைப்பதை மிச்சப்படுத்தினார்கள். நம் மாடுகளோ கொட்டகையில் கட்டித்தான் கிடக்கின்றன. நாலாவது முறை பிடிப்பதில் நமக்கொரு சிரமமும் இல்லை. ஒரு நடை மிச்சமாவது சேவைக்காரர்களின் வண்டிக்குத்தான். அதைத் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே இறைச்சி மாடுகளுக்கு வகுத்த மணிக் கணக்கையும் அதே கண்டிப்போடு எடுத்து வந்திருக்க வேண்டும் அல்லவா?

அந்தக் கணக்கு இதுதான்: கருவியை எடுத்து பிஜி போட்ட நேரத்திலிருந்து, ஈன்ற மாட்டுக்கு 60 முதல் 66 மணி நேரத்திற்குள்ளும், கிடேரிக்கு 54 மணி நேரத்தை ஒட்டியும் சினை ஊசி போட வேண்டும். கிடேரி மாட்டைவிட முந்திக்கொள்ளும் என்பதே காரணம்.

மாசியில் முதல் நாள் வந்த குழுவில் ஒரு பெண் மருத்துவரும் இரண்டு உதவியாளர்களும் இருந்தார்கள். சினை உறுதியாகாத ஒன்பது உருப்படிகளையும் ஸ்கேன் பார்த்தார்கள். ஒன்றுக்கு ரூ.150 வீதம் தனியாக வாங்கினார்கள். கொடுத்ததில் எனக்கு வருத்தமே இல்லை. ஏனெனில் மூன்றாவதாகப் பார்த்த சிவப்பு ஜெர்சியின் முன்னால் அந்த அம்மா நின்றுவிட்டு, திரையை என் பக்கம் திருப்பி, “ஐயா, இது சினையாக இருக்கிறதே, 70 நாள் இருக்கும்” என்றார். நான் நம்பவில்லை. மருந்தகத்தில் ஊசி போட்டு மூன்று வாரத்தில் அதற்கு வழும்பு கண்டேன், நிற்கவில்லை என்று முடிவு கட்டியிருந்தேன். கறுப்புத் திரையில் ஒரு வெள்ளை உருவம் துடித்துக்கொண்டிருந்ததைக் காட்டிய பிறகுதான் ஒப்புக்கொண்டேன். அந்த மாட்டுக்குப் பிஜி ஊசி போட்டிருந்தால் கரு கலைந்திருக்கும். சினைப் பரிசோதனை செய்யாமல் ‘எல்லாவற்றுக்கும் போட்டுவிடலாம்’ என்று சிரிஞ்சை எடுப்பவர்களைக் கொட்டகைக்குள் விடவே கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவையில்லை.

இன்னொரு மாட்டின் கருப்பையில் சீழ் இருந்தது. அதையும் ஒதுக்கி, முதலில் மருத்துவம் பார்க்கச் சொன்னார். மற்றவற்றின் உடற்கட்டையும் தொட்டுப் பார்த்தார். விலா எலும்பு துருத்தி நிற்கும் மாட்டுக்கு இந்த ஊசிகளைப் போடுவது காசைக் கரியாக்குவது என்றும், ஈன்று 50 நாளாவது ஆகியிருக்க வேண்டும் என்றும், நாள்தோறும் தாது உப்புக் கலவை கொடுக்கிறோமா என்றும் கேட்டார். வருமானத்தை மட்டும் பார்ப்பவராக இருந்திருந்தால் ஒன்பதுக்கும் ஊசி போட்டுவிட்டுப் போயிருக்கலாம். இந்தத் தேர்வு வேலைக்காக மட்டும் அந்தச் சேவைக்கு முழு மதிப்பெண் தருவேன்.

ஆலம்பாடி மாட்டின் விஷயத்தில்தான் முதல் ஏமாற்றம். அது கன்றோடு நிற்கும் மாடு. கன்று ஊட்ட ஊட்டப் பருவம் தள்ளிப்போகும். அமெரிக்க மேய்ச்சல் நிலத்து மாடுகளுக்கும் இதே சிக்கல்தான், அதற்காகவே அங்கே சிடர் வைப்பது பரவியது. நாட்டு மாட்டின் பருவம் குறுகியது, அறிகுறியும் மங்கலானது. ஆகவே இந்த முறை அதற்கு மிகவும் பொருந்தும் என்று எதிர்பார்த்தேன். பிரேசில் நாட்டில் இறைச்சிக்கென வளர்க்கும் நெலோர் மாடுகள் நம் நெல்லூர்ப் பக்கத்து ஓங்கோல் வழிவந்தவை. அவற்றுக்கு எஸ்ட்ராடியால் சேர்த்த வேறொரு அட்டவணையை வைத்துக்கொண்டு, அங்கே போடும் சினை ஊசிகளில் பெரும்பகுதியை இப்படி மணி குறித்தே போடுகிறார்கள். இங்கேயோ, திரவ நைட்ரஜன் கலனில் ஆலம்பாடி உறைவிந்துக் குச்சி ஒன்றுகூட இல்லை. ஜெர்சிக் குச்சியைப் போடலாமே என்றார் உதவியாளர். காவிரிக் கரையில் ஒகேனக்கலை ஒட்டிய ஆலம்பாடியின் பெயரைத் தாங்கிய மாடு இது, எங்கள் பகுதிக்கே உரியது. அதன் வயிற்றில் ஜெர்சியைக் கலக்க எனக்கு மனமில்லை. பிறகு பென்னாகரம் பக்கத்து உறவினரின் பொலிகாளையிடம் ஓட்டிப் போனேன். நாட்டு மாடு வைத்திருப்பவர்கள், கலனில் எந்த இனக் குச்சி இருக்கிறது என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆக, ஐந்து மாடுகளுக்கும் ஒரு கிடேரிக்கும் கருவி வைத்தார்கள். அந்த வேலையை அருகில் நின்று பார்த்தேன். பிறப்புறுப்பின் வெளிப்புறத்தைக் கிருமிநாசினி கலந்த நீரில் கழுவி, துணியால் துடைத்து, கருவியின் இரண்டு கைகளையும் மடக்கிக் குழலுக்குள் செருகி, நுனியில் வழவழப்புக் களிம்பு தடவி, சற்றே மேல்நோக்கிச் சாய்த்து உள்ளே செலுத்தினார்கள். குழலை இழுத்ததும் கைகள் உள்ளே விரிந்து பிடித்துக்கொள்ளும்; வெளியே நீல நிறத்தில் ஒரு நைலான் வால் மட்டும் தொங்கும். ஒரு மாட்டுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஒவ்வொரு மாட்டுக்கும் குழலைக் கழுவினார்கள், கையுறை மாற்றினார்கள்.

தொங்கிய வால்தான் வம்பைக் கொண்டுவந்தது. நான்காம் நாள் காலையில் சாணி அள்ளும்போது, கடைசித் தறியில் நிற்கும் கறுப்பு மாட்டுக்குப் பின்னால் வாலைக் காணவில்லை. பக்கத்துத் தறியில் நின்ற கிடேரி எதையோ அசைபோட்டுக்கொண்டிருந்தது. வாயைத் திறந்து பார்த்தால் கடைவாயில் நீல நைலான்! கருவி காடிக்குள் வைக்கோலோடு கிடந்தது. தொலைபேசியில் கேட்டபோது, வாலைக் குட்டையாக வெட்டிவிட்டிருக்க வேண்டும், சொல்ல மறந்துவிட்டோம் என்றார்கள். அந்த மாட்டை இந்தச் சுற்றிலிருந்து விலக்க வேண்டியதாயிற்று. கட்டணத்தில் பாதியை அடுத்த சுற்றில் கழித்துக்கொண்டார்கள். அது நியாயமாகவே இருந்தது. நெருக்கமாக மாடு கட்டுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஏழாம் நாள், திங்கட்கிழமை மாலை 4 மணிக்குக் கருவிகளை எடுத்தார்கள். உருவும்போது வெண்மையும் மஞ்சளுமாகக் கெட்டியான கழிவு கூடவே வந்தது, நாற்றமும் இருந்தது. பயந்துபோனேன். அந்நியப் பொருள் ஒரு வாரம் உள்ளே இருந்ததால் ஏற்படும் மேலோட்டமான அழற்சி என்றும், ஓரிரு நாளில் தானே தெளிந்துவிடும் என்றும் சொன்னார்கள், அப்படியே தெளிந்தது.

அன்றைக்கு நடந்த இன்னொன்றை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. மருத்துவர் வரவில்லை, உதவியாளர்கள் மட்டுமே வந்தார்கள். அவர்களில் ஒருவர், மருந்துக் குப்பிகளும் நிரப்பிய சிரிஞ்சுகளும் இருந்த தட்டை, “அக்கா, கொஞ்சம் பிடிச்சுக்குங்க” என்று என் மருமகளிடம் நீட்டினார். அவள் ஏழு மாதக் கர்ப்பிணி. பிஜி மருந்து தோல் வழியாகவே உடலில் ஏறக்கூடியது. மாட்டின் கருவைக் கலைக்கும் மருந்து மனிதக் கருப்பையையும் சுருங்கச் செய்யும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத் திணறலையும் உண்டாக்கும். கர்ப்பிணிகளும் ஆஸ்துமாக்காரர்களும் கையாளக் கூடாது என்று மருந்தின் அறிவுரைத் தாளிலேயே இருக்கிறது. தட்டில் மருந்து சிந்தியிருந்ததை நான் பார்த்துவிட்டு உடனே வாங்கிக்கொண்டேன். அவள் கையைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினாள். ஒன்றும் ஆகவில்லை, பேரனும் நலமாகப் பிறந்தான். ஆனாலும் இதை மருத்துவரிடம் சொன்னபோது அவர் முகம் வெளிறியதை வைத்து, உதவியாளர்களுக்கு இது சொல்லித் தரப்படவில்லை என்று புரிந்துகொண்டேன். கறவை வேலை நம் வீடுகளில் பெண்கள் கையில் இருக்கிறது. இந்தச் சேவை வரும் நாளில் வீட்டில் கர்ப்பிணி இருந்தால் கொட்டகைப் பக்கமே வர வேண்டாம் என்று நாமே சொல்லிவிடுவது நல்லது.

வியாழக்கிழமை காலை 10 மணி, அதாவது சரியாக 66-ஆவது மணியில், சினை ஊசி போட்டார்கள். குச்சியை 37 பாகை வெந்நீரில் வெப்பமானி வைத்து அரை நிமிடம் இளக்கி, துடைத்து, விந்து செலுத்தும் துப்பாக்கியில் ஏற்றி, வெயில் படாமல் சட்டைக்குள் மறைத்துக் கொண்டுவந்ததைப் பார்த்தேன். குறை சொல்ல இடமில்லை. நான்கு மாடுகளுக்கும் கண்ணாடி போன்ற வழும்பு தொங்கியது. கிடேரிக்கு மட்டும் அப்படியில்லை. அது புதன்கிழமை விடியற்காலையிலேயே கத்திக் கலாட்டா செய்து ஓய்ந்துவிட்டிருந்தது. அதையும் சொன்னேன். “கணக்குப்படி இப்போதுதான் நேரம்” என்று போட்டுவிட்டார்கள். மறுநாள் காலையில் அதன் வாலில் இரத்தம் கலந்த வழும்பு காய்ந்து ஒட்டியிருந்தது. பருவம் முடிந்து ஓரிரு நாளில் கிடேரிகளுக்கு இப்படிக் கசிவது இயல்புதான். ஊசி பிந்திவிட்டது என்பதற்கும் அதுவே அடையாளம். கிடேரியின் கருவியை மட்டும் செவ்வாய்க்கிழமை காலை 6 மணிக்கு எடுத்திருந்தால், வியாழன் நண்பகலில் 54 மணி நேரம் பொருந்தியிருக்கும். ஒரே வண்டி, ஒரே நடை என்ற வசதிக்குள் கிடேரி அடிபட்டுப் போனது. கண்ணெதிரே பருவம் காட்டும் மாட்டுக்கு, அட்டவணையைத் தள்ளிவைத்துவிட்டு, பருவம் பார்த்தே ஊசி போடலாம் என்பதைத் தெரிந்தவர்கள் முதலிலேயே செய்திருப்பார்கள்.

32-ஆம் நாள் ஸ்கேனில் மூன்று மாடுகள் சினை. நான்காவது 21-ஆம் நாளே மறுபடி பருவத்துக்கு வந்தது. எப்போது வரும் என்று நாள் தெரிந்திருந்ததால் இம்முறை தவறவிடவில்லை. மருந்தகத்தில் ஊசி போட்டு அதுவும் நின்றது. இதையும் இந்த முறையின் பயனாகவே எண்ணுகிறேன், ஏனெனில் முதல் ஊசி பலிக்காத மாடுகள்கூட 18 முதல் 24 நாளுக்குள் கூட்டமாகத் திரும்பும், அந்த ஒரு வாரம் மட்டும் விழிப்போடு இருந்தால் போதும். கிடேரி நிற்கவில்லை. ஐந்தில் மூன்று என்பது நல்ல விளைச்சல். நன்றாகப் பராமரிக்கும் இறைச்சி மாட்டு மந்தைகளிலேயே ஒரு ஊசிக்குப் பாதியோ அதற்குச் சற்று மேலோதான் சினை நிற்கும். பால் அதிகம் கறக்கும் மாடுகளில் அதைவிடக் குறையும்.

அப்படியானால் அந்த 90 சதவீதம் எங்கிருந்து வந்தது? மருத்துவரிடமே கேட்டேன். பாலினம் பிரித்த உறைவிந்தைப் போட்டுப் பிறக்கும் கன்றுகளில் ஏறத்தாழ 90 சதவீதம் கிடேரியாக இருக்கும் என்ற கணக்கை, அச்சடித்தவர்கள் சினை பிடிக்கும் கணக்கோடு சேர்த்துவிட்டார்கள் என்றார். தவறு தெரிந்த பிறகும் அடுத்த முறை அதே தாளைத்தான் கொடுத்தார்கள். பாலினம் பிரித்த குச்சிக்கு ரூ.700 கூடுதலாகக் கேட்டு வற்புறுத்தவும் செய்தார்கள். அதில் உயிரணுக்களின் எண்ணிக்கை குறைவு, உள்ளே உயிரோடு இருக்கும் நேரமும் குறைவு. மணிக் கணக்கில் சற்று முன்பின் ஆனாலே வீணாகும். பருவம் தெளிவாகத் தெரிந்த கிடேரிக்கு அதைப் போட்டால் பொருந்தும், குறித்த மணி முறையோடு சேர்ப்பது சூதாட்டம் என்று மறுத்துவிட்டேன்.

சித்திரைச் சுற்றை விரிவாக எழுத ஒன்றுமில்லை. கருவி கழன்ற கறுப்பு மாடு, கிடேரி, சீழுக்கு மருத்துவம் பார்த்துத் தேறிய மாடு ஆகிய மூன்றுக்கும் வைத்தோம். வாலைக் குட்டையாக வெட்டினார்கள். கிடேரிக்குத் தனி நேரம் வேண்டும் என்று நான் சொன்னதற்குத் தலையாட்டினார்கள். ஊசி நாளன்று காலை 10 மணிக்கு வர வேண்டிய வண்டி மாலை 7 மணிக்கு வந்தது. கிருஷ்ணகிரிப் பக்கம் வேறொரு ஊரில் முப்பது மாடுகளாம். 66 என்பது 75 மணி நேரமாகிவிட்டது, கிடேரிக்கும் அதே மணிதான். வெளிச்சம் போதாமல் கைப்பேசி விளக்கில் குச்சியை இளக்கினார்கள். வெப்பமானியைக் காணோம், விரலை விட்டுப் பார்த்துச் சூடு சரி என்றார்கள். மூன்றும் நிற்கவில்லை. மூன்று மாடுகளை வைத்து எதையும் உறுதியாக நிறுவ முடியாது என்பதும், சித்திரை வெயிலில் கலப்பின மாடுகளுக்குச் சினை பிடிப்பது இயல்பாகவே குறையும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் முட்டை வெளிவரும் நேரத்தை ஊசியால் நிர்ணயித்துவிட்டு, விந்தை ஒன்பது மணி நேரம் தாமதமாகக் கொண்டுவந்தவர்கள், “உங்கள் மாட்டில் சத்துக் குறைவு” என்று சொன்னபோது கோபம் வந்தது. பருவம் பார்த்துப் போடும் ஊசியில் நாலு மணி நேரத் தாமதத்தை மாடு பொறுத்துக்கொள்ளும். இந்த முறையில் விற்கப்படும் பொருளே மணிதான்.

கட்டணம், ஸ்கேன் நீங்கலாக, மாடு ஒன்றுக்கு ரூ.2,200. கருவி, மூன்று ஊசிகள், சாதாரணக் குச்சி, மூன்று நடை எல்லாம் அதில் அடக்கம். சினையில்லாத மாடு ஒன்றுக்கு என் வீட்டில் நாளொன்றுக்குத் தீவனம் ரூ.150 ஆகிறது, தவறிப்போகும் ஒரு பருவத்துக்கு ரூ.3,150. ஆகவே மாதக்கணக்கில் பருவம் தெரியாமல் நிற்கும் மாட்டுக்கு இந்தக் கட்டணம் அதிகமில்லை. பருவத்தைத் தவறாமல் காட்டும் மாட்டுக்கு இதைப் போடுவது தேவையற்ற செலவு. ஆண்டு முழுவதும் ஒரு சில மாடுகளை மட்டும் வைத்து, வீட்டில் ஒருவராவது காலையும் மாலையும் கொட்டகையில் நிற்கும் குடும்பத்துக்கு மருந்தகமே போதும். அரசின் நாடு தழுவிய சினை ஊசித் திட்டம் 2019-இல் தொடங்கிய பிறகு பல மாவட்டங்களில் வீடு தேடி வந்தும் போடுகிறார்கள்.

அக்கம்பக்கத்தில் எல்லோரும் கேட்ட கேள்வி, ஹார்மோன் போட்ட மாட்டின் பாலைக் குடிக்கலாமா என்பது. ஜிஎன்ஆர்எச்சும் பிஜியும் மாட்டின் உடலே சுரக்கும் பொருட்களை ஒத்தவை. மிகச் சிறிய அளவில் போடப்பட்டு விரைவில் சிதைந்துவிடுபவை. புரோஜெஸ்டிரோன் சினை மாட்டின் பாலில் எப்போதும் இருப்பதுதான். பாலைக் கழிக்க வேண்டியதில்லை என்று மருத்துவர் சொன்னார், நாங்களும் கழிக்கவில்லை. பால் இறங்குவதற்காகச் சிலர் திருட்டுத்தனமாகப் போடும் ஆக்சிடோசின் ஊசியோடு இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். அது வேறு, இது வேறு.

சித்திரைச் சுற்றுக்கு நான் கொடுத்த பணத்தில் எதுவும் திரும்பவில்லை. அடுத்த முறை குச்சி இலவசம், மருந்துக்கு மட்டும் கொடுங்கள் என்கிறார்கள். மருத்துவர் அம்மா நேரில் வருவதாக இருந்தால் மட்டும் ஐப்பசியில் இரண்டு மாடுகளுக்கு வைக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். கருவி எடுக்கும் மணியையும் ஊசி போடும் மணியையும் ரசீதிலேயே எழுதித் தர வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிந்தினால் கட்டணம் கிடையாது என்ற நிபந்தனையையும் வைத்தேன். முதலாவதற்கு ஒப்புக்கொண்டார்கள். இரண்டாவதற்கு முதலாளியைக் கேட்டுச் சொல்வதாகப் போயிருக்கிறார்கள். கிடேரியை மட்டும் இனி அவர்களிடம் விடுவதாக இல்லை. அது ஆடியில் தானே பருவத்துக்கு வந்து, மருந்தகத்தில் ஒரே ஊசியில் நின்றுவிட்டது.